கறுப்பா இருக்கறதெல்லாம் கார்பைடு இல்லங்க: முதல்முறை டங்ஸ்டன் கார்பைடு செய்யப் போறவங்களுக்கு

சேலத்துல மாம்பழ சீசன் நேரத்துல யார்கிட்டயாவது "நான் லேப்ல கார்பைடு செய்யறேன்"னு சொல்லிப் பாருங்க, ஒரு மாதிரி பார்ப்பாங்க. எங்க மாமா நேராவே கேட்டுட்டாரு, "ஏம்ப்பா, எம்எஸ்சி முடிச்சுட்டு மாங்கா பழுக்க வெக்கற கல்லையா செஞ்சுட்டு இருக்கற?"ன்னு. அது கால்சியம் கார்பைடு மாமா, தண்ணி பட்டா அசிட்டிலின் வரும், அது வேற ஜாதின்னு சொல்லி, திருச்செங்கோட்டு போர்வெல் லாரிய காட்டி, அந்த பிட் முனையில பட்டன் பட்டனா பதிச்சிருக்கே, பாறைய தூளாக்குதே, அதுதான் நம்ம ஆளு, டங்ஸ்டன் கார்பைடுன்னு சொன்ன பிறகுதான் நம்புனாரு. லேத் பட்டறையில கார்பைடு டிப்புன்னு சொல்றதும் இதேதான்.

நாம லேப்ல இத செய்யறது கேட்டலிஸ்டா, அதாவது தான் தீராம வேற ரியாக்ஷன வேகப்படுத்தற பொருளா, போடறதுக்கு. ஆனா இங்கயே ஒரு எச்சரிக்கை. "அண்ணா, தேஞ்ச போர் பிட்டு எடைக்கு கிடைக்குது, அத அரைச்சு கேட்டலிஸ்டா போடலாமா"ன்னு வருஷத்துக்கு ஒரு பையனாவது கேப்பான். வேணாம்ப்பா. அதுல கார்பைடு துகள்கள ஒட்ட வெக்கறதுக்கு கோபால்ட் போட்டிருப்பாங்க, பொதுவா 6லருந்து 12 சதவீதம் வரைக்கும், அந்த கோபால்டே சொந்தமா ரியாக்‌ஷன் பண்ணும், அப்புறம் நீங்க அளக்கறது எதோட வேலைன்னே தெரியாது. துகளும் மைக்ரான் கணக்குல பெருசு, சர்ஃபேஸ் ஏரியா ஒண்ணுமே இருக்காது. இதே காரணத்துக்காக, நீங்க செஞ்ச பொடிய டங்ஸ்டன் கார்பைடு ஜார் போட்ட பால் மில்லுல (உருண்டைங்க போட்டு சுத்தி அரைக்கற மெஷின்) அரைக்காதீங்க, அந்த ஜார்லயும் கோபால்ட் இருக்கு.

இந்த பொருள் மேல கெமிஸ்ட்ரிக்காரங்களுக்கு எப்படி ஆசை வந்துச்சுன்னா, 1973ல லெவியும் பூடார்ட்டும் சயின்ஸ் பத்திரிகையில ஒரு சின்ன பேப்பர் போட்டாங்க. வெறும் டங்ஸ்டன் செய்யாத, பிளாட்டினம் செய்யற சில வேலைகள, உதாரணத்துக்கு ரூம் டெம்பரேச்சர்ல ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேத்து தண்ணியாக்கறது, நியோபென்டேன ஐசோபென்டேனா மாத்தறது, இதெல்லாம் டங்ஸ்டன் கார்பைடு செய்யுதுன்னு காட்டுனாங்க. அன்னைக்கு ஆரம்பிச்ச ஆசை இன்னும் தீரல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், "பிளாட்டினம் மாதிரி"ங்கறதுல "மாதிரி"ய மறந்துடாதீங்க. தனியா நின்னு ஆசிட்ல கரன்ட் விட்டு ஹைட்ரஜன் எடுக்கற வேலையில இது பிளாட்டினத்த ஜெயிக்காது. யாராவது ஜெயிச்சிருச்சுன்னு சொன்னா, அந்த செல்லுக்குள்ள எங்கயோ பிளாட்டினம் ஒளிஞ்சிருக்கான்னு முதல்ல தேடுங்க. அதப்பத்தி கடைசில வரேன்.

வெளுத்ததெல்லாம் பால்னு நம்பக்கூடாதுன்னு சொல்வாங்கல்ல, இங்க அது தலைகீழ். ஃபர்னஸ்லருந்து கறுப்பா ஒரு பொடி வரும். அது டபிள்யூசியா (ஒரு டங்ஸ்டனுக்கு ஒரு கார்பன், நமக்கு வேண்டிய டங்ஸ்டன் கார்பைடு) இருக்கலாம், கார்பன் பாதியா இருக்கற டபிள்யூ2சியா இருக்கலாம், வெறும் டங்ஸ்டனா இருக்கலாம், பாதி வெந்த ஆக்சைடா இருக்கலாம், இது எதுவா இருந்தாலும் மேல கரி பூசினா எல்லாம் ஒரே கறுப்பு. செய்யறது ஒரு நாள் வேலை, என்ன செஞ்சோம்னு கண்டுபிடிக்கறது ஒரு மாச வேலை.

கேஸ் லைன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி

நாம போடப் போறது மீத்தேனும் ஹைட்ரஜனும், அதுவும் 800, 900 டிகிரியில. ஹைட்ரஜன் காத்துல 4லருந்து 75 சதவீதம் வரைக்கும் எந்த அளவுல கலந்திருந்தாலும் பத்திக்கும், மீத்தேன் 5லருந்து 15. அதனால சூடான ட்யூப்குள்ள காத்தும் இந்த கேஸும் ஒருநாளும் சந்திக்கக்கூடாது, மொத்த செட்டப்பும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

எரியற கேஸ் சிலிண்டருக்கு திருகு இடது பக்கம், எல்லாரும் முதல் நாள் வலது பக்கம் திருகி ஸ்பேனரோட மல்லு கட்டுவாங்க, நானும் கட்டியிருக்கேன். ரெகுலேட்டருக்கு அப்புறம் ஃப்ளாஷ்பேக் அரஸ்டர் (தீ திரும்பி சிலிண்டருக்குப் போகாம தடுக்கறது) இருக்கணும். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி தடவி குமிழ் வருதான்னு பாருங்க, ஒவ்வொரு தடவையும் பாருங்க, நேத்து பார்த்தேன்ங்கறது கணக்குல சேராது. வெளிய போற கேஸ் ஒரு பப்ளர் (எண்ணெய்க்குள்ள கேஸ் குமிழா போற பாட்டில்) வழியா ஃப்யூம் ஹுட்குள்ள (புகைய வெளிய இழுக்கற கூண்டு) போகட்டும். பப்ளருக்கும் ட்யூபுக்கும் நடுவுல ஒரு காலி பாட்டில் வைங்க, ஃபர்னஸ் ஆறும்போது உள்ள இருக்கற கேஸ் சுருங்கி பப்ளர் எண்ணெய இழுக்கும், அது நேரா ட்யூப்குள்ள போகாம அந்த பாட்டில்ல விழுந்துரும்.

அப்புறம் நம்மூரு பிரச்சனை, கரன்ட். ராத்திரி மழை வந்தா ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் கரன்ட் போறது புதுசா என்ன. கரன்ட் போனா எம்எஃப்சி (கேஸ் ஓட்டத்த கரன்ட்ல அளந்து கட்டுப்படுத்தற கருவி) பெரும்பாலும் மூடிக்கும், அப்ப ட்யூப் 800 டிகிரியில, கேஸ் ஓட்டம் நின்னு போயிருக்கும், ஆறும்போது வெளிக் காத்த உள்ள இழுக்கும். அதனால ஆர்கான் லைன் ஒண்ணு மட்டும் எம்எஃப்சி இல்லாம கையால திறக்கற நீடில் வால்வு, ரோட்டாமீட்டர் (கரன்ட் இல்லாம ஓட்டத்த காட்டற கண்ணாடிக் குழாய்) வச்சு தனியா போட்டுக்கோங்க. கரன்ட் போச்சா, மீத்தேன் ஹைட்ரஜன் சிலிண்டர் ரெண்டையும் மூடு, ஆர்கான திற, அவ்வளவுதான். இத ஒரு பேப்பர்ல எழுதி ஃபர்னஸ் மேல ஒட்டுங்க, இருட்டுல யாருக்கும் மூளை வேலை செய்யாது.

எதுலருந்து ஆரம்பிக்கறது

பெரும்பாலும் அம்மோனியம் மெட்டாடங்ஸ்டேட், ஏன்னா தண்ணியில நல்லா கரையும், சப்போர்ட் (கேட்டலிஸ்ட தாங்கி நிக்கற, நுண்துளை உள்ள பொடி) மேல ஏத்தறதுக்கு சுலபம். பாராடங்ஸ்டேட் அவ்வளவா கரையாது. சப்போர்ட் இல்லாம வெறும் பொடியா வேணும்னா நேரா மஞ்ச டங்ஸ்டன் ட்ரைஆக்சைடே போதும். மெட்டாடங்ஸ்டேட்ல ஒரு சின்ன தொல்லை, பாட்டில் மேல எவ்வளவு தண்ணி சேந்திருக்குன்னு திட்டமா போட்டிருக்காது, அதுபோக ஏற்காட்டுல எங்க வீட்டு மாதிரி மழைக்காலம் பூரா பனிமூட்டம் ஜன்னல் வழியா உள்ள வர்ற இடத்துல வச்சீங்கன்னா எடையே மாறும். அதனால கொஞ்சம் எடுத்து, எடை போட்டு, காத்துல 500 டிகிரியில எரிச்சு, மிஞ்சற ட்ரைஆக்சைடு எவ்வளவுன்னு பார்த்து, அதவச்சு கணக்கு போடுங்க. பாட்டில் லேபிள வச்சு கணக்கு போட்டா லோடிங் (சப்போர்ட் மேல ஏறற டங்ஸ்டன் அளவு) தப்பாயிடும்.

1 கிராம் டபிள்யூசி வேணும்னா 1.18 கிராம் ட்ரைஆக்சைடு. முதல் ரன்னுக்கு அதுக்கு மேல போகாதீங்க, அரை கிராம்னா இன்னும் நல்லது, ஏன்னு கீழ சொல்றேன்.

சப்போர்ட்டுக்கு கார்பன் பிளாக், ஆக்டிவேட்டட் கார்பன், காமா அலுமினா, எது வேணா போடலாம். நம்ம சேர்வராயன் மலை பாக்சைட்டுலருந்தே அலுமினா வந்தா நல்லாத்தான் இருக்கும், ஆனா லேப்புக்கு வர்றது எங்கருந்தோ டப்பாவுல வருது. கார்பன் சப்போர்ட்னா ஒரு சிக்கல், அது வெறும் சப்போர்ட் இல்ல, அதுவும் சூட்டுல டங்ஸ்டனுக்கு கார்பன் கொடுக்கும், அதனால எவ்வளவு கேஸ்லருந்து வந்துச்சு எவ்வளவு சப்போர்ட்லருந்து வந்துச்சுன்னு பிரிக்க முடியாது. ஏத்தற முறை ஒண்ணும் பெரிய வித்தை இல்ல: சப்போர்ட் எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு முதல்ல சொட்டு சொட்டா விட்டுப் பாத்துக்கங்க, பொரி மாதிரி உதிரியா இருக்கறது கூழாகறதுக்கு முந்தின சொட்டோட நிறுத்துங்க, அந்த அளவு தண்ணியில மெட்டாடங்ஸ்டேட்ட கரைச்சு ஊத்தி, கிளறி, 110 டிகிரியில ராத்திரி பூரா காய விடுங்க.

ஃபர்னஸ் ரன்

காலைல சீக்கிரம் ஆரம்பிங்க, இது நாள் முழுக்க பிடிக்கற வேலை. அலுமினா போட்ல (படகு மாதிரி இருக்கற சின்ன தட்டு) பொடிய மெலிசா பரப்புங்க, இட்லித் தட்டுல மாவு ஊத்தற மாதிரி குமிச்சு வைக்காதீங்க. ட்யூப் குவார்ட்ஸ், 1100 டிகிரிக்கு மேல அத நம்பாதீங்க, நமக்கு அவ்வளவு தேவையும் இல்ல. தெர்மோகப்பிள் ஃபர்னஸ் சுவத்துல இருக்கும், போட் இருக்கற இடத்துல டெம்பரேச்சர் வேறயா இருக்கும், ஒரு தடவை காலி ட்யூப்ல தெர்மோகப்பிள உள்ள விட்டு எந்த இடம் சரியான சூடுன்னு அளந்து ட்யூப் வெளிய மார்க் பண்ணிக்கங்க.

ஆர்கான் முதல்ல. ட்யூப் கொள்ளளவ விட குறைஞ்சது பத்து மடங்கு ஓடட்டும். அப்புறம்தான் ஹைட்ரஜனும் மீத்தேனும், 4க்கு 1. நான் வழக்கமா நிமிஷத்துக்கு 80 எம்எல் ஹைட்ரஜன், 20 எம்எல் மீத்தேன் போடுவேன். 400 டிகிரி வரைக்கும் வேகமா ஏத்தலாம், நிமிஷத்துக்கு 10 டிகிரி. அதுக்கு மேல நிமிஷத்துக்கு 1 டிகிரி. 850க்குப் போக ஏழரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். அங்க ரெண்டு மணி நேரம் நிக்கட்டும்.

எதுக்கு இவ்வளவு மெதுவா? புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கற கேள்வி இது, வேகமா ஏத்தி சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்னு பாப்பாங்க. உள்ள நடக்கறத பாருங்க. மஞ்ச ஆக்சைடு முதல்ல கொஞ்சம் ஆக்சிஜன இழந்து நீலமாகும், அப்புறம் டைஆக்சைடா காப்பித்தூள் நிறத்துக்கு வரும், அப்புறம் டங்ஸ்டன், அப்புறம் டபிள்யூ2சி, கடைசியா டபிள்யூசி. இந்த வழி பூரா தண்ணி ஆவி வந்துக்கிட்டே இருக்கும், 1 கிராம் கார்பைடுக்கு 0.28 கிராம் தண்ணி, கேக்க கொஞ்சம்தான், ஆனா சூட்டுல இந்த ஆவி டங்ஸ்டன் ஆக்சைடோட சேந்து ஆவியாகற ஒரு ஹைட்ராக்சைடா மாறி, ஒரு துகள்லருந்து கிளம்பி இன்னொரு துகள்ல போய் உக்காந்துக்கும். சின்னது காணாம போகும், பெருசு இன்னும் பெருசாகும். நானோ பொடி செய்யப் போய் மணல் மாதிரி எடுத்துட்டு வர்றது இப்படித்தான். மெதுவா ஏத்துனா ஆவியும் கொஞ்சம் கொஞ்சமா வரும், கேஸ் அத அப்பப்ப அடிச்சுட்டுப் போயிடும். பொடிய மெலிசா பரப்ப சொன்னதும், அரை கிராமோட நிறுத்த சொன்னதும் இதுக்குத்தான். கலர் மாறறத பாக்கணும்னு ஆசை இருந்தா 550, 600, 700ன்னு நடுவுல நிறுத்தி ஆறவச்சு ஒவ்வொண்ணா எடுத்து எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே சிதறல வச்சு எந்தப் பொருள்னு கண்டுபிடிக்கற டெஸ்ட்) போடுங்க, ஒரு வாரம் போகும், ஆனா அந்த ஒரு வாரத்துல கத்துக்கறத ஒரு வருஷம் பேப்பர் படிச்சாலும் கத்துக்க முடியாது.

மீத்தேன் பத்தி ஒரு கணக்கு. 1 கிராம் கார்பைடுக்கு வேண்டிய கார்பன் 5 மில்லிமோல். 20 எம்எல் மீத்தேன்ல நிமிஷத்துக்கு 0.8 மில்லிமோல் வருது. அதாவது ஆறேழு நிமிஷத்துக்கு வேண்டிய கார்பன மணிக்கணக்கா ஊட்டறோம். மிச்சம்? பெரும்பகுதி அப்படியே வெளிய போயிடும், கொஞ்சம் பொடி மேல கரியா படியும், சூடு ஏற ஏற அதிகமா படியும். நாம செஞ்ச கேட்டலிஸ்ட நாமளே கரிபூசி மூடற மாதிரி. இதுக்கு ஒரு வைத்தியம், 850ல நின்னு முடிஞ்சதும் மீத்தேன நிறுத்திட்டு 700க்கு இறக்கி வெறும் ஹைட்ரஜன்ல அரை மணி, முக்கால் மணி வச்சா கரி கொஞ்சம் மீத்தேனாவே திரும்பிப் போகும். அளவு மிஞ்சினா கார்பைடுக்குள்ள இருக்கற கார்பனையும் புடுங்கிட்டு டபிள்யூ2சியா, டங்ஸ்டனா திரும்பிடும். உங்க பொடிக்கு எத்தனை நிமிஷம்ங்கறத நீங்கதான் ரன் போட்டு கண்டுபிடிக்கணும், என் கணக்கு உங்களுக்கு உதவாது.

மீத்தேனுக்கு பதிலா ஈத்தேன் இருந்தா சூடு குறைவாவே, 650 டிகிரி பக்கமே கார்பைடு வரும், அங்க டபிள்யூ2சி கிடைக்கறது சகஜம். கேஸே இல்லாத காலேஜ்ல ஆக்சைடையும் கார்பனையும் கலந்து ஆர்கான்ல 1000 டிகிரிக்கு சுடுவாங்க, அப்ப வெளிய வர்றது கார்பன் மோனாக்சைடு, வாசனையே இருக்காது, டிடெக்டர் இல்லாம அத செய்யாதீங்க. ஜவ்வரிசி ஊர்ல பிறந்துட்டு மரவள்ளி மாவு போட்டுப் பாக்காம இருக்க முடியுமா, நானும் கார்பனுக்கு அத போட்டுப் பார்த்தேன், கார்பைடு வந்துச்சு, ஆனா மாவுல இருந்த உப்பு சாம்பலா உள்ளயே தங்கிடுச்சு, மிச்சக் கரியும் ஏராளம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு தலைப்பு நல்லா இருக்கும், கேட்டலிஸ்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வெளிய எடுக்கறது: இங்கதான் எல்லாரும் சுட்டுக்கறாங்க

என் முதல் ரன் முடிஞ்சப்ப ராத்திரி பதினொன்னரை. ட்யூப் தொட்டா சில்லுன்னு இருந்துச்சு, சரின்னு திறந்து போட்ட வெளிய இழுத்தேன். ரெண்டு செகண்ட் ஒண்ணும் இல்ல. அப்புறம் போட்டோட ஓரத்துல ஒரு சிவப்புப் புள்ளி, அடுப்புல கங்கு மாதிரி, அப்படியே பொடி பூரா நடந்து போச்சு. நான் கையில இடுக்கியோட நின்னுட்டே இருந்தேன். காலைல பாத்தா போட்ல மஞ்சப் பொடி, நான் எங்க ஆரம்பிச்சேனோ அங்கயே வந்து நின்னேன். செவ்வாப்பேட்டையில கொலுசுப் பட்டறை வச்சிருக்கற என் ஃப்ரெண்டு இத கேட்டுட்டு ஒரு வாரம் சிரிச்சான்.

புதுசா வெந்த கார்பைடு துகள் காத்து பட்டா ஆக்சிஜன அவ்வளவு வேகமா இழுக்கும். அதனால பாசிவேஷன் பண்ணணும். ரூம் டெம்பரேச்சருக்கு முழுசா ஆறின பிறகு, ஹைட்ரஜன ஆர்கான்ல நல்லா துரத்திட்டு, ஆர்கான்லயோ நைட்ரஜன்லயோ 1 சதவீதம் ஆக்சிஜன் கலந்த கேஸ மெதுவா ஓட விடுங்க, ராத்திரி பூரா ஓடினாலும் நஷ்டமில்ல. பொடி பக்கத்துல தெர்மோகப்பிள் வச்சு டெம்பரேச்சர் ஏறுதான்னு பாருங்க, ஏறினா உடனே கேஸ மாத்தி ஆர்கான் விட்டு ஆற விடுங்க. ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் வரும், பால் மேல ஏடு படியற மாதிரி, அதுக்குள்ள கார்பைடு பத்திரமா இருக்கும். ஆனா மறந்துடாதீங்க, இப்ப வெளிப்பக்கம் இருக்கறது ஆக்சைடு. ரியாக்‌ஷனுக்கு முன்னாடி ரியாக்டருக்குள்ளயே ஹைட்ரஜன்ல 450 டிகிரி பக்கம் ஒண்ணு ரெண்டு மணி நேரம் வச்சு அந்த தோல உரிக்கணும். உரிக்காமலே ரிசல்ட் எடுத்து "கார்பைடு இப்படி வேலை செய்யுது"ன்னு எழுதற ஆளுங்க இருக்காங்க. அது ஆக்சைடோட ரிசல்ட்டுப்பா.

இப்ப என்ன செஞ்சோம்னு பாக்கலாம்

எக்ஸ்ஆர்டி முதல்ல, சேலத்துலயே போட்டுக்கலாம். காப்பர் எக்ஸ்ரே ட்யூப்ல டபிள்யூசிக்கு 31.5, 35.6, 48.3 டிகிரி, இந்த மூணும் பெரிய பீக், 64லயும் 73லயும் இன்னும் சிலது. டபிள்யூ2சிக்கு 39.6 பெருசு, கூடவே 34.5, 38, 52.3. டங்ஸ்டனுக்கு 40.3. இப்ப பாருங்க, துகள் சின்னதுன்னா பீக் அகலமாகும், 39.6உம் 40.3உம் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரு மேடு மாதிரி நிக்கும், அது டபிள்யூ2சியா டங்ஸ்டனான்னு கெய்டும் நீங்களும் சண்டை போடுவீங்க. சண்டை வேணாம், 58.3ல பாருங்க, பீக் இருந்தா டங்ஸ்டன். 52.3ல இருந்தா டபிள்யூ2சி. ரெண்டுலயும் இருந்தா ரெண்டும்தான். இதே மாதிரி 37 பக்கம் ஒரு பீக் வந்தா டைஆக்சைடாவும் இருக்கலாம், கார்பன் குறைஞ்ச க்யூபிக் கார்பைடாவும் இருக்கலாம். 25.8ல துணை இருந்தா ஆக்சைடு, 43 பக்கம் இருந்தா க்யூபிக்.

ஷெர்ரர் கணக்கு (பீக் அகலத்துலருந்து துகள் அளவு சொல்றது) போட்டா 35.6 பீக்கோட பாதி உயர அகலம் 0.6 டிகிரின்னா துகள் கிட்டத்தட்ட 14 நானோமீட்டர். மெஷினோட சொந்த அகலத்த கழிச்சுட்டு போடுங்க, டிகிரிய ரேடியனா மாத்தாம போட்டு நானோவுக்குக் கீழ விடை கொண்டு வந்தவங்க எங்க லேப்ல மூணு பேர்.

எக்ஸ்ஆர்டி நல்லா வந்துச்சுன்னு உடனே ஸ்வீட் வாங்கப் போகாதீங்க. டங்ஸ்டன் கனமான அணு, எக்ஸ்ரேய அது சிதறடிக்கற பலத்துக்கு முன்னாடி படிஞ்சு கிடக்கற கரி கண்ணுக்கே தெரியாது. மேல இருக்கற ஆக்சைடு தோலும் தெரியாது. அதாவது கேட்டலிஸ்ட் வேலை செய்யற இடத்துல இருக்கற ரெண்டு விஷயமும் எக்ஸ்ஆர்டிக்குத் தெரியாது.

கரிக்கு சுலபமான வழி டிஜிஏ (சுட சுட எடை எப்படி மாறுதுன்னு அளக்கறது), காத்துல சுட்டா போதும். டபிள்யூசி எரிஞ்சு ட்ரைஆக்சைடா மாறும்போது எடை கூடும், 18.4 சதவீதம். டபிள்யூ2சின்னா 22.1, டங்ஸ்டன்னா 26.1. கரி எரிஞ்சு போயிடும், எடை குறையும். உங்க பொடியில 90 பங்கு டபிள்யூசி, 10 பங்கு கரி இருந்தா கடைசில எடை 6.5 சதவீதம்தான் கூடியிருக்கும். கூடவே சிஎச்என்எஸ்ல (எரிச்சு கார்பன் மாதிரி தனிமங்கள அளக்கற மெஷின்) மொத்த கார்பன் எவ்வளவுன்னு பாருங்க, சுத்தமான டபிள்யூசில 6.13 சதவீதம், டபிள்யூ2சில 3.16. எடையும் கார்பனும் ரெண்டு கணக்கு, எக்ஸ்ஆர்டி எந்த ஃபேஸ்னு சொல்லிடும், உக்காந்து போட்டா எது எவ்வளவுன்னு வந்துரும். இந்த ஒரு டேபிள் பேப்பர்ல இருந்தா நான் அந்த பேப்பர நம்புவேன், எத்தனை டெம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) படம் போட்டிருந்தாலும் சரி.

பிஇடி, அதாவது சர்ஃபேஸ் ஏரியா அளக்கற டெஸ்ட். இங்க ஒரு ஏமாத்து இருக்கு. டபிள்யூசியோட டென்சிட்டி கன சென்டிமீட்டருக்கு 15.6 கிராம். 10 நானோமீட்டர் உருண்டைன்னு வச்சா கிராமுக்கு 38 சதுரமீட்டர்தான் வரும். சப்போர்ட் இல்லாத பொடியில 200 வந்துச்சுன்னா துகள் 2 நானோமீட்டருக்கும் சின்னதா இருக்கணும், எக்ஸ்ஆர்டில கூர்மையான பீக் வச்சுக்கிட்டு அத சொல்ல முடியாது, அந்த 200 கரியோடது. சந்தோஷப்படாதீங்க, திரும்பப் போய் கரிய எடுங்க. உண்மையான சைட் (வேலை நடக்கற இடம்) கணக்கு வேணும்னா கார்பன் மோனாக்சைடு கெமிசார்ப்ஷன் (மேல எவ்வளவு கேஸ் ஒட்டுதுன்னு அளக்கறது), அதுவும் மெஷினுக்குள்ளயே தோல உரிச்ச பிறகு. உரிக்காம போட்டா கிட்டத்தட்ட பூஜ்யம் வரும், மெஷின திட்டாதீங்க.

எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்ரே பட்டு வர்ற எலக்ட்ரான வச்சு மேற்பரப்ப பாக்கற டெஸ்ட்) நம்ம பக்கத்துல கிடைக்கலன்னா சென்னைக்கு ஐஐடி மாதிரி இடங்களுக்கு அனுப்பணும், காசும் ஆகும், காத்திருக்கவும் ஆகும், அதனால நல்ல சாம்பிள மட்டும் அனுப்புங்க, சின்ன கண்ணாடிக் குப்பியில ஆர்கான் நிரப்பி பாராஃபிலிம் சுத்தி. டங்ஸ்டனோட 4எஃப் எலக்ட்ரான் பீக்ல கார்பைடு 31.7 ஈவி பக்கம், ஆக்சைடு 35.5லருந்து 36. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி, நடுவுல 2.1, 2.2 இடைவெளி. 37 பக்கம் ஒரு 5பி பீக் வேற வந்து குழப்பும், அத ஃபிட்டிங்ல சேக்காம விட்டா ஆக்சைடு இல்லாத இடத்துலயும் ஆக்சைடு இருக்கற மாதிரி காட்டும். ஆக்சைடு பீக் பெருசா இருக்கேன்னு அழுதுக்கிட்டு போன் பண்ணுவாங்க, பாசிவேஷன் பண்ண சாம்பிள்ல அப்படித்தான் இருக்கும்மா, எக்ஸ்பிஎஸ் பாக்கறதே மேல சில நானோமீட்டர் மட்டும்தான். கார்பன் 1எஸ்ல கார்பைடு கார்பன் 283க்கு கொஞ்சம் கீழ, கரி 284.5 பக்கம், இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க. ராமன்ல (லேசர் ஒளி சிதறல பாக்கற டெஸ்ட்) 807, 715ல கோடு வந்தா ட்ரைஆக்சைடு, 1350, 1580 வந்தா கரி. லேசர் பவர ஏத்தாதீங்க, லேசர் சூட்டுலயே கார்பைடு ஆக்சைடா மாறிடும், அப்புறம் இல்லாத ஆக்சைட நீங்களே செஞ்சு நீங்களே கண்டுபிடிப்பீங்க.

டெம்ல அணு வரிசைக்கு நடுவுல 0.25 நானோமீட்டர் இடைவெளின்னா டபிள்யூசியோட 100 தளம், 0.284ன்னா 001 தளம், 0.228ன்னா டபிள்யூ2சி. அழகான ஒரு துகள காட்டி மொத்தப் பொடியும் இப்படித்தான்னு சொல்லாதீங்க, அவ்வளவுதான்.

ஹைட்ரஜன் எடுக்கற டெஸ்ட்

பெரும்பாலானவங்க இதுக்காகத்தான் செய்யறாங்க. 5 மில்லிகிராம் பொடி, 1 எம்எல் தண்ணியும் ஐசோப்ரொப்பனாலும் கலந்தது, கொஞ்சம் நாஃபியான் (பொடிய ஒட்ட வெக்கற பாலிமர்), அரை மணி சோனிகேட்டர்ல (ஒலி அதிர்வால கலக்கற மெஷின்). அதுல 5 மைக்ரோலிட்டர் 3 மில்லிமீட்டர் கிளாசி கார்பன் மேல விட்டா சதுர சென்டிமீட்டருக்கு 0.35 மில்லிகிராம். எலக்ட்ரோலைட் 0.5 மோலார் சல்ஃபியூரிக் ஆசிட். பொடி கனமா இருக்கறதால சோனிகேட்டர நிறுத்தின உடனே அடியில உக்காரும், உடனே எடுத்து விடுங்க, பேசிக்கிட்டே நின்னா மேல இருக்கற தண்ணிய எடுத்து விட்டு கேட்டலிஸ்ட் வேலை செய்யலன்னு சொல்லுவீங்க.

இப்ப அந்த ஒளிஞ்சிருக்கற பிளாட்டினம். எதிர்ப்பக்கத்துல கவுன்டர் எலக்ட்ரோடா பிளாட்டினம் கம்பி போட்டா, அது ஆசிட்ல கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு, நேரா வந்து உங்க கார்பைடு மேல படியும். சைக்கிள் ஓட ஓட ரிசல்ட் நல்லாகிக்கிட்டே போகும், "ஆக்டிவேட் ஆகுது சார்"னு ஓடிப் போய் சொல்லுவோம். நான் ஓடினேன். ஒரு மாசம் அந்த சந்தோஷத்துல இருந்தேன், கிராஃபைட் ராட் மாத்திப் போட்டதும் எல்லாம் காணாம போச்சு. அதனால முதல் நாள்லருந்தே கிராஃபைட் ராட். செல்லையும் பிளாட்டினம் ஓட்டினவங்ககிட்ட கடன் வாங்காதீங்க. ரெஃபரன்ஸ் சில்வர் குளோரைடுன்னா ஆர்எச்இக்கு (ஹைட்ரஜன பூஜ்யமா வச்ச வோல்டேஜ் அளவு) மாத்தறப்ப 0.197 வோல்ட்டோட பிஎச் பங்கையும் சேக்கணும், அதவிட நல்லது ஹைட்ரஜன் குமிழி விட்டு நீங்களே கேலிப்ரேட் பண்றது. பாசிட்டிவ் பக்கம் ரொம்ப தூரம் ஸ்கேன் பண்ணாதீங்க, ஆர்எச்இக்கு 0.6, 0.7 வோல்ட் தாண்டினா டபிள்யூசி ஆக்சைடாக ஆரம்பிச்சுரும்.

வெறும் கிளாசி கார்பன், வெறும் சப்போர்ட், அதே ஃபர்னஸ்ல அதே கேஸ்ல சுட்ட டங்ஸ்டன் இல்லாத சப்போர்ட், இந்த மூணையும் அதே நாள்ல ஓட்டிருங்க, ரெஃபரீ (உங்க பேப்பர பத்திரிகைக்காக சரிபார்க்கறவர்) கேட்டப்புறம் ஓட்ட மூணு மாசம் கழிச்சு அதே சப்போர்ட் டப்பா இருக்காது.

அடுத்த ரன்னுக்கு முன்னாடி ட்யூப சுத்தம் பண்ணணும். உள்ள ஒரு கறுப்புக் கண்ணாடி மாதிரி கரி ஒட்டியிருக்கும், பிரஷ் போட்டு தேய்ச்சா போகாது. ஆர்கான்ல ஹைட்ரஜன முழுசா துரத்தி, ரெண்டு சிலிண்டரையும் மூடி, லைனையும் கழட்டிட்டு, அப்புறம் காத்து விட்டு 800 டிகிரி வரைக்கும் ஏத்தி ஒரு மணி நேரம் வைங்க. போட் இருந்த இடத்துல மஞ்சளா ஏதாவது ஒட்டியிருந்தா அது போன ரன்னோட டங்ஸ்டன், சூடான சலவை சோடா கரைசல்ல ஊற வச்சா கரையும். நல்லா கழுவி காய வைங்க, வெறும் கையால உள்பக்கம் தொடாதீங்க, விரல் உப்பு பட்ட இடத்துல குவார்ட்ஸ் அடுத்த சூட்டுல வெள்ளையா பூத்துக்கும்.